சார்ஜ் மட்டும் ஏறுகிறது, நெட் வரவில்லை!

கேள்வி: புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் செலியமேடு எங்கள் ஊர். வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுக் கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுத் தருகிறேன். பழைய டெஸ்க்டாப் சிஸ்டம்தான். அதில் வைஃபை கிடையாது. வீட்டுக்கு வந்த கேபிள் நெட், மழைக்காலத்தில் மாதத்துக்கு நான்கு நாள் வேலை செய்வதில்லை. அதுவும் ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி பார்த்துத்தான் அறுந்து போகிறது. “போனை ஒயரில் மாட்டினால் சிஸ்டத்துக்கு நெட் வரும்” என்று தம்பி சொன்னான். மாட்டினேன், சார்ஜ் மட்டும் ஏறியது. வேறு ஒயரை மாட்டியபோது நெட் வந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் அன்றைய ஒன்றரை ஜிபி முழுவதும் தீர்ந்துவிட்டதாக மெசேஜ் வந்தது. நான் ஒரே ஒரு ரிட்டர்ன்தான் போட்டேன். டேட்டா எங்கே போனது? இப்படி மாட்டி வைத்தால் போன் கெட்டுவிடுமா? என் பேங்க் ஆப் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பேசாமல் டாங்கிள் ஒன்று வாங்கிவிடட்டுமா?
— ஒரு வாசகி, செலியமேடு

பதில்: அந்த முதல் ஒயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தனியாக வையுங்கள். அது சார்ஜ் ஒயர். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சாதாரண யுஎஸ்பி ஒயரைக் கீறிப் பார்த்தால் உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. டார்ச் லைட், டிரிம்மர், மலிவான பவர் பேங்க் போன்றவற்றோடு வரும் ஒயர்கள் பலவற்றில் பின்னிரண்டும் இருக்காது. காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். கண்டுபிடிக்க ஒரு வழி: ஒயரைப் போனிலும் சிஸ்டத்திலும் செருகுங்கள். போன் திரையில் “ஃபைல் டிரான்ஸ்ஃபர் வேண்டுமா, சார்ஜ் மட்டும் போதுமா” என்ற மாதிரி ஏதாவது அறிவிப்பு வந்தால் அது நான்கு கம்பி ஒயர். ஒன்றுமே கேட்காமல் பேட்டரிக் குறி மட்டும் மின்னினால், பெரும்பாலும் இரண்டு கம்பிதான். எனக்கு வரும் “நெட் வரவில்லை” கடிதங்களில் பலவற்றின் முடிச்சு இங்கேயே அவிழ்ந்துவிடும். அதற்குள் போனை ரீசெட் செய்து, போட்டோ எல்லாம் போய், சிஸ்டத்தை ஃபார்மேட் செய்து, கடைக்காரருக்கு ஐந்நூறு ரூபாயும் கொடுத்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

அடுத்தது வரிசை. ஒயரை முதலில் மாட்ட வேண்டும், அதன் பிறகுதான் செட்டிங்ஸுக்குப் போக வேண்டும். ஒயர் இல்லாதபோது “யுஎஸ்பி டெதரிங்” என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். ஆண்ட்ராய்டில் அது “ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்” என்ற தலைப்புக்குள் இருக்கிறது. சாம்சங்கில் “கனெக்‌ஷன்ஸ்” என்ற வாசல் வழியாகப் போக வேண்டும். மற்ற கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கின்றன. தேடிச் சலிக்காதீர்கள். செட்டிங்ஸின் உச்சியில் உள்ள தேடல் பெட்டியில் “டெதரிங்” என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேரே அங்கே கொண்டுபோய் விடும். ஒயர் சரியாக இருந்தும் பொத்தான் உயிர் பெறவில்லையென்றால், “டேட்டா சேவர்” போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். டேட்டாவை மிச்சப்படுத்தப் போட்டு வைத்த அந்த வசதி, பல போன்களில் டெதரிங்கையே பூட்டிவிடும். ஒயரைக் கழற்றினால் பொத்தான் தானாக அணைந்துவிடும். மறுமுறை மாட்டும்போது மறுபடி போட வேண்டும். தினமும் செய்ய வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்வீர்கள். தானாகவே ஆனாகும்படி செய்ய “டெவலப்பர் ஆப்ஷன்ஸ்” என்ற பகுதியில் வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியைத் திறந்து வைத்தால் தம்பி வேறெதையாவது தட்டிவிடுவான். வேண்டாம்.

‘டெதர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நினைக்கிறீர்கள்? மாட்டை முளையில் கட்டுகிற தாம்புக்கயிறு. உங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. போன் முளை, ஒயர் கயிறு, சிஸ்டம் மாடு. பொத்தானைத் தட்டியதும் போன், தன்னைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு என்று சிஸ்டத்திடம் சொல்லிக்கொள்கிறது. சிஸ்டமும் நம்பிவிடுகிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்வீட்டு முகவரியைப் போன் அதற்குக் கொடுக்கும். சிஸ்டம் கேட்பதையெல்லாம் டவரிடம் சொல்லி வாங்கித் தருவது போனின் வேலை. ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2010-இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. உங்கள் போன் எத்தனை பழசாக இருந்தாலும் கவலையில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனியாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. வைஃபை வளைவுக்குப் பதில், கேபிள் நெட் மாட்டியது போன்ற சின்னம்தான் மூலையில் தெரியும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2011-லிருந்து கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கடலூர்ப் பக்கத்து உறவினர் வீட்டில் அப்படியொன்று தூசி படிந்து கிடந்தால் லினக்ஸில் திறந்து மாட்டிப் பாருங்கள். லினக்ஸுக்கும் இந்த ஒயர் வழி நெட் புதிதல்ல. ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் விண்டோஸில் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் என்ற மென்பொருளைப் போட்டு, “இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா” என்று போன் கேட்கும்போது ஆம் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் ஒன்றரை ஜிபி எங்கே போனது என்ற வழக்குக்கு வருவோம்.

நீங்கள் போட்ட ரிட்டர்ன் குற்றவாளி அல்ல. ஜிஎஸ்டி தளத்தில் உள்ளே போய், விவரங்களை ஏற்றி, ஓடிபி கொடுத்து, ரசீதை இறக்கிக்கொண்டு வெளியே வர, எத்தனை தடவை தடுமாறினாலும் சில பத்து எம்பிக்கு மேல் ஆகாது. ஒன்றரை ஜிபியில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். மீதியைத் தின்றது உங்கள் சிஸ்டம். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் முதுகுக்குப் பின்னால்.

அதன் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. கேபிள் நெட் என்றால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் விண்டோஸுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வைஃபையோ கேபிளோ கிடைத்த மறுநிமிடம், பல நாளாகப் பாக்கி வைத்திருந்த அப்டேட்டுகளை இழுக்க ஆரம்பிக்கும். கேபிள் அறுந்து நான்கு நாள் நெட் இல்லாமல் கிடந்த சிஸ்டம் அல்லவா? பசியோடு இருந்திருக்கும். விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்றே பல ஜிபி வரும். அதோடு ஒன்டிரைவ் உங்கள் டாக்குமென்ட்ஸ் முழுவதையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும், கூகுள் டிரைவ் இருந்தால் அதுவும். பிரவுசரில் திறந்து கிடக்கும் பத்து டேப்களில் ஏதோ ஒன்றில் விளம்பர வீடியோ தானாக ஓடும். போன் சின்னத் திரைக்கு ஏற்றபடி வீடியோவைச் சுருக்கி வாங்குகிறது. சிஸ்டத்தின் பெரிய திரையோ பெரிய அளவிலேயே கேட்கிறது. அதே பாட்டு, இரண்டு மூன்று மடங்கு டேட்டா. டெதரிங்கைப் பூட்டாத போன்களிலும் டேட்டா சேவர், போன் ஆப்களைத்தான் அடக்கும். கயிற்றின் மறுமுனையில் மேய்கிற மாட்டின் மேல் அதற்கு அதிகாரம் இல்லை. தான் மேய்வது அடுத்தவர் வயல் என்று மாட்டுக்கும் தெரியாது.

அதைத் தெரியப்படுத்த ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. போன் மாட்டி நெட் வந்துகொண்டிருக்கும்போதே விண்டோஸ் செட்டிங்ஸில் “நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்”, அதற்குள் “ஈதர்நெட்”, அதற்குள் “மீட்டர்டு கனெக்‌ஷன்” என்பதை ஆன் செய்யுங்கள். ‘இது மீட்டர் ஓடுகிற நெட், பார்த்துச் செலவு செய்’ என்று விண்டோஸிடம் சொல்வதுதான் அது. பெரும்பாலான அப்டேட்டுகள் அங்கேயே நின்றுவிடும். ஒன்டிரைவும் தன் ஏற்றுமதியை நிறுத்திவைக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. சில போன்களை ஒவ்வொரு முறை மாட்டும்போதும் விண்டோஸ் புது நெட்வொர்க் என்றே நினைத்துக்கொள்ளும். “நெட்வொர்க் 2”, “நெட்வொர்க் 3” என்று பெயர் ஏறிக்கொண்டே போனால் உங்கள் போனும் அந்த ரகம்தான். அப்போது மீட்டர் பொத்தானையும் ஒவ்வொரு முறையும் போட வேண்டியிருக்கும். ரிட்டர்ன் போடும் முன் அதைச் சரிபார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்த மென்பொருள் எவ்வளவு தின்றது என்ற பட்டியல், அதே செட்டிங்ஸில் “டேட்டா யூசேஜ்” என்ற இடத்தில் முப்பது நாளுக்கு இருக்கும். திறந்து பாருங்கள். தம்பியின் கேம் அதில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை எனக்கு எழுத வேண்டாம், அவனிடமே காட்டுங்கள்.

ஒன்றரை ஜிபி தீர்ந்த பிறகு நெட் முழுவதும் நிற்பதில்லை. பல பேக்குகளில் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க ஏறக்குறைய 35 மணி நேரம் ஆகும். வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், ஜிஎஸ்டி பக்கம் திறக்கவே திறக்காது. அன்று 20-ஆம் தேதி என்றால் ஒரு நாள் டேட்டா பூஸ்டர் போட்டுக்கொள்வது ஒன்றே வழி. கடைசி நாள் சாயங்காலம் எல்லா ஊர்க் கணக்கர்களும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது ஒயர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும் உங்கள் பாகூர்க் கடைகளோடு, 33 என்று தொடங்கும் கடலூர்க் கடைகளும் அந்த வரிசையில்தான் நிற்கும். கூடியவரை இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

போன் கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். டெதரிங்கால் கெடாது; சூட்டால் கெடலாம். ஹாட்ஸ்பாட் போட்டால் போன் தன் பேட்டரியைச் செலவழித்து வைஃபையும் பரப்ப வேண்டும். ஒயரில் அந்த வேலை இல்லை, சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கும். டெஸ்க்டாப்பின் சாதாரண யுஎஸ்பி துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான், அதாவது இரண்டரை வாட். சுவரில் மாட்டும் சார்ஜர் தருவதில் சின்னத் துணுக்கு. ஆனால் டவரோடு ஓயாமல் பேசும் போன் அதனாலேயே சுடும். சித்திரை, வைகாசி மதியங்களில் ஓட்டு வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ உட்கார்ந்து வேலை செய்தால் இன்னும் சுடும். உறையைக் கழற்றுங்கள், துணி மேல் வைக்காதீர்கள், ஃபேன் காற்று படட்டும். பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நூறில் நிறுத்தி, சூட்டில் வைத்து, மணிக்கணக்காக மாட்டியிருப்பதுதான் பேட்டரிக்கு ஆகாது.

போனை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒயர் போனை மேசையோடு கட்டிப்போட்டுவிடுகிறது. சிக்னலோ ஜன்னலோரம்தான் நன்றாக இருக்கும். யுஎஸ்பி 2.0 ஒயர் அதிகபட்சம் ஐந்து மீட்டர்தான் போகலாம், அதுவும் நல்ல ஒயராக இருந்தால். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்துவது அதைவிட மலிவு. உங்கள் ஊரிலிருந்து தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரம்தான். போன் ஒரு நேரம் புதுவை டவரையும் இன்னொரு நேரம் கடலூர் மாவட்ட டவரையும் பிடிக்கும். பேக் செல்லுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்துக்குள்தான் வருகிறது. பயம் வேண்டாம்.

இன்னொன்று, இரண்டு சிம் போட்டிருக்கிறீர்களா? டேட்டா ஒரு சிம்மில் ஓடிக்கொண்டிருக்க, அத்தை இன்னொரு சிம்முக்குப் போன் செய்து பத்து நிமிடம் பேசினால், பல போன்களில் அந்தப் பத்து நிமிடமும் சிஸ்டத்துக்கு நெட் நின்றுவிடும். ஓடிபி அடித்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் நீங்கள் ஒயரைத் திட்டுவீர்கள். ஒயர் பாவம்.

பேங்க் ஆப் விஷயம். டெதரிங் போட்டதால் உங்கள் போனில் உள்ள ஃபைல்களோ ஆப்களோ சிஸ்டத்துக்குத் திறந்துவிடாது. போகிறது நெட் மட்டும்தான். ஃபைல் டிரான்ஸ்ஃபர் கேட்கும்போது சம்மதிக்காதீர்கள், “யுஎஸ்பி டீபக்கிங்” ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்வேர்டு கண்டுபிடித்து உள்ளே வருகிற ஆபத்து ஹாட்ஸ்பாட்டில் உண்டு. ஒயரில் அதுவும் இல்லை. எனக்கு உங்கள் போனைப் பற்றிக் கவலை இல்லை, சிஸ்டத்தைப் பற்றித்தான். ஏழெட்டுக் கடைகளின் பாஸ்வேர்டு அதில் இருக்கிறது. யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து போட்ட திருட்டு நகல் மென்பொருள் ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பிறகு பேங்க் ஆப்பைப் பற்றி யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. உங்கள் பழைய டெஸ்க்டாப் அதில்தான் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சிவப்பு நூல் கட்டிய ஒயரின் வேலை இதுதான்: பஸ் நிலையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ சார்ஜ் போட வேண்டியிருந்தால் அதைக் கொண்டுபோங்கள். தகவல் கம்பியே இல்லாததால் அந்தப் பக்கத்து மெஷின் எதுவாக இருந்தாலும் உங்கள் போனைத் தொட முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட 1954-இல் வாக்கெடுப்பு நடந்ததே, அந்தக் கீழூர்தான். திட்டம் தொடங்கியபோது ஊருக்கு ஊர் நம்பகமான டெலிபோன் லைன் கிடையாது. என்ன செய்தார்கள்? வில்லியனூருக்கும் கிராமங்களுக்கும் இடையே விஎச்எஃப் ரேடியோ வைத்து, அந்த ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தகவல் அனுப்பினார்கள். கரண்ட் போகும் என்று சோலார் தகடும் வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் படித்தார்கள். காற்றில் வரும் சிக்னலை ஒரு பெட்டி பிடித்து, கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. நீங்கள் மேசை மேல் செய்வதும் அதேதான். அன்றைக்கு அதற்கு ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் கனடா நாட்டு நிதியும் தேவைப்பட்டன.

அந்தச் சோலார் தகட்டில் ஒரு பாடம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாளில் ஒயர் டெதரிங் எதுவரை கைகொடுக்கும்? டவருக்கு உயிர் இருக்கும்வரை. கரண்ட் போனபின் டவர் பேட்டரியிலோ டீசலிலோ ஓடும். அதுவும் தீர்ந்தால் சிக்னல் பூஜ்யம். டெஸ்க்டாப்புக்கு இன்வெர்ட்டர் இல்லையென்றால் அதற்கு முன்னாலேயே கதை முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மாத ரிட்டர்ன்களை முன்னதாகவே போடச் சொல்வது அதனால்தான்.

டாங்கிள் வாங்கட்டுமா என்றால், வேண்டாம். சிம் போடும் டாங்கிள் என்றால் தனி சிம், தனி ரீசார்ஜ். உங்கள் போன் செய்வதைத்தான் அதுவும் செய்யும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் வைஃபை டாங்கிள் வேறு வகை. சிஸ்டத்துக்கு வைஃபை கொடுக்கும். ஆனால் அதையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். காரணம், அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சங்கதி: போன் ஒரு வைஃபையில் இணைந்திருக்கும்போது யுஎஸ்பி டெதரிங் போட்டால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் அந்த வைஃபை நெட்டையே ஒயர் வழியாகச் சிஸ்டத்துக்குத் தரும். உங்கள் சிம் டேட்டா ஒரு துளி செலவாகாது. கேபிள் அறுந்த நாளில் எதிர்வீட்டில் வேறு கம்பெனி நெட் ஓடிக்கொண்டிருந்தால், பாஸ்வேர்டு கேட்டு வாங்கிப் போனில் போட்டு, ஒயரை மாட்டுங்கள். மீட்டர் பொத்தானை மட்டும் அப்போதும் ஆனிலேயே வையுங்கள். எதிர்வீட்டு அக்கா மறுமுறையும் பாஸ்வேர்டு தர வேண்டுமே.